பழைய நேரோபோட் வாங்கி இங்கிலாந்துக் கால்வாய்களில் சுற்றுவது: அளவு, லாக், அன்றாடப் பராமரிப்பு

கேள்வி சுருக்கமாக இது: மிட்லண்ட்ஸ் பகுதியில் வசிக்கும் நான்கு பேர் கொண்ட குடும்பம், வார இறுதிகளையும் கோடை விடுமுறையையும் கால்வாயில் கழிக்கப் பழைய நேரோபோட் (ஒடுக்கமான இரும்புக் கால்வாய்ப் படகு) ஒன்றை வாங்க நினைக்கிறது. ஓட்டுநர் உரிமம் வேண்டுமா, எந்த அளவுப் படகு நல்லது, எங்கே தவறு நடக்கும்?

உரிமம் வேண்டாம். சொந்த உபயோகத்துக்கு உள்நாட்டு நீர்வழிகளில் படகோட்ட இங்கிலாந்தில் எந்தத் தேர்வும் கிடையாது. இதை வசதி என்று பலர் நினைப்பார்கள். எனக்கு இதுதான் முதல் கவலை. 57 அடி நேரோபோட் 15 டன்னுக்கு மேல் எடையுள்ள இரும்பு. பிரேக் இல்லை. அதை எந்தப் பயிற்சியும் இல்லாதவர் கையில் சட்டம் கொடுத்துவிடுகிறது. ஆகவே பயிற்சியை நீங்களே தேடிக்கொள்ள வேண்டும். ராயல் யாட்டிங் அசோசியேஷன் நடத்தும் இன்லேண்ட் வாட்டர்வேஸ் ஹெல்ம்ஸ்மேன் பயிற்சி ஒன்றிரண்டு நாளில் முடிந்துவிடும். வீட்டில் இருவராவது போய் வாருங்கள். அதோடு, வாங்கும் முன் ஏப்ரலிலோ செப்டம்பரிலோ ஒரு வாரம் படகை வாடகைக்கு எடுங்கள். கூட்டம் இருக்காது, வாடகையும் கோடையைவிடக் குறைவு. இரண்டு மீட்டர் அகலத்தில் நான்கு பேர் ஒரு வாரம் இருக்க முடியுமா, மழையில் நின்று சுக்கான் பிடிக்கப் பிடிக்கிறதா என்பதெல்லாம் அந்த வாரத்திலேயே தெரிந்துவிடும்.

எந்த அளவுப் படகு

இங்கே படகின் அளவைத் தீர்மானிப்பது லாக்குகள்தான்: படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும், இரு முனையிலும் கதவுள்ள தொட்டிகள். கால்வாய்ப் பொறியாளர் ஜேம்ஸ் பிரின்ட்லி 1766-ல் ட்ரென்ட்–மெர்சி கால்வாய் வேலையைத் தொடங்கியபோது, செலவையும் தண்ணீரையும் மிச்சப்படுத்த லாக்குகளை ஏறத்தாழ 72 அடி நீளம், 7 அடி அகலத்தில் அமைத்தார். மிட்லண்ட்ஸ் கால்வாய்களில் பெரும்பாலானவை அதே அளவைப் பின்பற்றின. அதனால்தான் நேரோபோட்டின் அகலம் 6 அடி 10 அங்குலம். அகலப் படகுகளும் விற்பனைக்கு வரும். உள்ளே போய்ப் பார்த்தால் வீடு போலவே இருக்கும். ஆனால் உங்கள் வட்டாரத்தின் குறுகிய லாக்குகளில் அது நுழையவே நுழையாது. கிராண்ட் யூனியன் கால்வாயில்கூட லண்டனிலிருந்து வடக்கே லெஸ்டர் பக்கம் போக வேண்டுமானால் வாட்ஃபோர்ட், ஃபாக்ஸ்டன் லாக்குகளைக் கடக்க வேண்டும். இரண்டும் 7 அடிதான். மிட்லண்ட்ஸில் இருப்பவர்கள் அகலப் படகு வாங்குவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

நீளத்தில் 57 அடி என்பது நல்ல உச்சவரம்பு. 70 அடிப் படகு குறுகிய லாக்குகளில் போய்விடும். ஆனால் வடக்கே லீட்ஸ்–லிவர்பூல் கால்வாயின் விகன் முதல் லீட்ஸ் வரையிலான லாக்குகள் 62 அடி அளவுதான், யார்க்‌ஷயரின் கால்டர்–ஹெபிள் லாக்குகள் 57 அடிப் படகுக்கே ஒட்டி வரும். 57 அடிக்குள் வைத்துக்கொண்டால் நாட்டின் இணைப்புக் கால்வாய்களில் கிட்டத்தட்ட எல்லாவற்றிலும் போகலாம். நான்கு பேருக்கு 50 முதல் 57 அடி வரை போதும். நீளம் குறையக் குறைய ஆண்டுக் கட்டணமும் குறையும், படகைத் திருப்புவதும் எளிது. கால்வாயின் அகலம் பல இடங்களில் படகின் நீளத்தைவிடக் குறைவு; திருப்புவதற்கென்று கரையைக் குடைந்த இடங்கள் சில மைல்களுக்கு ஒன்றுதான் வரும், அவற்றிலும் சில முழு நீளப் படகுக்குப் போதாது.

பழைய படகு என்றால் இரும்பின் தடிமன்தான் விலை. விளம்பரத்தில் 10/6/4 என்று போட்டிருப்பார்கள்: அடித்தகடு 10 மில்லிமீட்டர், பக்கத் தகடு 6, மேற்கூண்டு 4. அது கட்டியபோது இருந்த கணக்கு. இப்போது எவ்வளவு இருக்கிறது என்பதைப் படகைத் தண்ணீரிலிருந்து வெளியே எடுத்து, உங்கள் செலவில் நீங்களே அமர்த்திய சர்வேயர் அல்ட்ராசோனிக் கருவியால் அளந்து சொல்ல வேண்டும். விற்பவர் தரும் பழைய அறிக்கை போதாது. எங்காவது 4 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால் முழுக் காப்பீடு கிடைப்பது கடினம். மேலே தகடு வைத்துப் பற்றவைக்கும் செலவு பல ஆயிரம் பவுண்டு ஆகிவிடும். நீர்மட்டத்தை ஒட்டிய பகுதியும் புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தகடும்தான் முதலில் அரிக்கும். வாங்கிய பிறகு இரண்டு மூன்று ஆண்டுக்கொரு முறை படகை வெளியே எடுத்துத் தார்ப்பூச்சு பூச வேண்டும், அப்போதே மக்னீசிய அனோடுகள் (படகின் தகடு அரிக்காமல் அதற்குப் பதிலாகத் தாம் கரையும் உலோகக் கட்டிகள்) கரைந்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். கரை மின்சாரத்தில் இணைத்து வைப்பதாக இருந்தால் கால்வானிக் ஐசொலேட்டர் கட்டாயம். அது இல்லாமல் பக்கத்துப் படகுகளோடு பூமிக்கம்பி வழியாக இணைந்துவிட்டால், உங்கள் அனோடு அவர்களுக்காகக் கரையும்; அது தீர்ந்ததும் படகின் அடித்தகடு கரையத் தொடங்கும்.

காகித வேலை அதிகமில்லை. பிரிட்டிஷ் வாட்டர்வேஸிடமிருந்து 2012-ல் பொறுப்பேற்ற கனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் சுமார் 2,000 மைல் நீர்வழியைப் பராமரிக்கிறது. அவர்களிடம் படகுக்கு ஆண்டு உரிமம் எடுக்க வேண்டும். அதற்கு இரண்டு தாள்கள் தேவை: நான்கு ஆண்டு செல்லும் படகுப் பாதுகாப்புச் சான்றிதழ், மூன்றாம் தரப்புக் காப்பீடு. படகு நிறுத்த நிரந்தர இடம் இருப்பதாகக் காட்ட வேண்டும்; இல்லையென்றால் 1995-ம் ஆண்டுச் சட்டப்படி ஓரிடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்காமல் உண்மையாகவே நகர்ந்துகொண்டிருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள் உள்ள குடும்பம் இரண்டாவது வழியை எடுக்க வேண்டாம். மரீனா வாடகையைச் சேர்த்தே வரவுசெலவு போடுங்கள். அது உரிமக் கட்டணத்தைவிடப் பெரிய தொகை.

ஓட்டுவது

வேக வரம்பு மணிக்கு 4 மைல். பெரும்பாலான இடங்களில் 3 மைல்தான் வரும். இதைச் சட்டத்துக்காக மட்டும் சொல்லவில்லை. கால்வாய் ஆழமற்றது, படகு வேகமெடுத்தால் முன்னே தள்ளப்பட்ட நீர் பக்கவாட்டில் பின்னோக்கி ஓட வேண்டும், அந்த ஓட்டத்தில் படகின் அமரம் (பின்முனை) கீழே இறங்கும், தரை இன்னும் நெருங்கும். அப்போது எவ்வளவு டீசல் எரித்தாலும் வேகம் கூடாது, கரை மட்டும் அரிக்கும். பின்னால் திரும்பிப் பாருங்கள்: அலை கரையில் உடைந்து நுரைக்கிறது என்றால் வேகம் அதிகம். எஞ்சினைத் தணித்தால் சில இடங்களில் படகு இன்னும் எளிதாக நகர்வதைக் காண்பீர்கள்.

கரையில் கட்டி நிறுத்திய படகுகளைக் கடக்கும்போது நான்கைந்து படகு நீளத்துக்கு முன்பே எஞ்சினைக் குறைந்தபட்ச ஓட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அருகே வந்த பிறகு குறைத்தால் பயனில்லை, உங்கள் அலை உங்களுக்கு முன்னே போய்விட்டிருக்கும். அந்த இழுப்பில் முளைகள் பிடுங்கிக்கொள்ளும், உள்ளே அடுப்பில் இருக்கும் பாத்திரம் கவிழும்.

சுக்கான் பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகின் அணியம் (முன்முனை) வலப்பக்கம் போகும். இது பத்து நிமிடத்தில் பழகிவிடும். பழக நாளாவது வேறு ஒன்று: படகு நடுப்பகுதியை அச்சாகக் கொண்டு சுழலும், ஆகவே முன்முனையைத் திருப்பும்போது பின்முனை எதிர்ப்பக்கம் வீசும். பாலத்தின் கீழ் திருப்பினால் பின்முனை கல்லில் இடிக்கும். பாலத்துக்கு முன்பே படகை நேராக்கிவிடுங்கள். புரொப்பெல்லர் நீரைத் தள்ளும்போதுதான் சுக்கான் வேலை செய்யும். நியூட்ரலில் போட்டால் திசை மாற்ற முடியாது, ரிவர்ஸில் சுக்கான் ஏறக்குறைய பயனற்றது. ரிவர்ஸில் போகும்போது திசை திருத்த வேண்டுமானால் ஒரு கணம் முன்னோக்கி எஞ்சினை முறுக்கிச் சுக்கானைப் பிடித்து நேராக்கி, மீண்டும் ரிவர்ஸ் போட வேண்டும்.

எதிரே படகு வந்தால் வலப்பக்கம் ஒதுங்குங்கள், ஆனால் கடைசி நேரத்தில், தேவையான அளவுக்கு மட்டும். முன்கூட்டியே கரையோரம் போனால் சேற்றில் ஏறிவிடுவீர்கள். வளைவுகளில் ஆழம் வெளிப்பக்கம். உள்பக்கம் வண்டல் சேரும். தரைதட்டினால் முன்னோக்கி எஞ்சினை முறுக்காதீர்கள், இன்னும் ஏறும். வந்த வழியே ரிவர்ஸில் மெதுவாக இறக்குங்கள். அசையாவிட்டால் எல்லோரும் ஆழமான பக்கம் நின்று எடையை மாற்றி, கம்பால் அணியத்தைத் தள்ளுங்கள். கையாலோ காலாலோ படகைத் தடுக்க முயல்வதை வீட்டில் எல்லோருக்கும், குழந்தைகளுக்கு முக்கியமாக, தடை செய்யுங்கள். 15 டன் எடைக்கும் கல்லுக்கும் நடுவே கால் சிக்கினால் எலும்பு நொறுங்கும்.

லாக்

மொத்தப் பயணத்தில் அதிக கவனம் கேட்பது இதுதான். ஒரு குறுகிய லாக்கில் ஒருமுறை படகை ஏற்றவோ இறக்கவோ ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர் தண்ணீர் மேலிருந்து கீழே போகிறது. அதை நீங்கள் கையால் சுழற்றும் ஒரு மதகுதான் கட்டுப்படுத்துகிறது. எல் வடிவ இரும்புக் கைப்பிடிக்கு வின்ட்லஸ் என்று பெயர். படகில் குறைந்தது மூன்று வைத்திருங்கள், ஒன்று எப்படியும் தண்ணீருக்குள் போகும். மதகைத் தூக்கியதும் பல்சக்கரத்தின் நாக்கு சரியாக மாட்டியிருக்கிறதா என்று பார்த்து, வின்ட்லஸை உடனே கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தண்டில் விட்டுவிட்டு நாக்கு நழுவினால் அது விசிறி போலச் சுழன்று பறக்கும். முகமும் மணிக்கட்டும் உடைவது இப்படித்தான். இறக்கும்போது மதகைத் தானாக விழவிடாமல் சுழற்றியே இறக்குங்கள்.

கீழே இறங்கும்போது: லாக் நிரம்பியிருக்க வேண்டும். மேல்கதவைத் திறந்து படகை உள்ளே கொண்டுபோய், கதவை மூடி, மேல்மதகுகள் மூடியிருப்பதை உறுதிசெய்து, கீழ்மதகுகளைத் திறக்க வேண்டும். இதில் உயிராபத்து ஒன்று இருக்கிறது. மேல்கதவின் அடியில் ஒரு கல் வாசற்படி லாக்கின் உள்ளே ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் வரை நீட்டிக்கொண்டிருக்கும். நிரம்பிய நிலையில் அது கண்ணுக்குத் தெரியாது. பக்கச் சுவரில் வெள்ளைக் கோடு மட்டும் போட்டிருப்பார்கள். படகின் பின்முனை அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். சுக்கான் வாசற்படியின் மேல் உட்கார்ந்துவிட்டால், நீர் இறங்க இறங்கப் பின்பக்கம் தொங்கும், அணியம் மூழ்கும். நிமிடங்களில் படகு போய்விடும். 70 அடிப் படகுக்கு இங்கே இடைவெளி மிகக் குறைவு, 57 அடி வாங்கச் சொல்வதற்கு இதுவும் காரணம். சுக்கான் பிடிப்பவர் லாக் காலியாகும்வரை கண்ணைக் கோட்டிலிருந்து எடுக்கக் கூடாது. செல்பேசிக்கும் தேநீருக்கும் அது நேரமில்லை.

மாட்டிக்கொண்டால் செய்ய வேண்டியதை எல்லோரும் முன்கூட்டியே சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள். இறங்கும்போது படகு எங்காவது சிக்கிச் சாய்ந்தால்: முதலில் கீழ்மதகுகளை மூடு, பிறகு மேல்மதகை மெதுவாகத் திறந்து நீரை மறுபடி ஏற்று. ஏறும்போது சிக்கினால் நேர் எதிர்: மேல்மதகை மூடு, கீழ்மதகைத் திற. பதற்றத்தில் இரண்டையும் குழப்புவது சகஜம். அதனால் வின்ட்லஸ் வைத்திருப்பவர் படகைப் பார்க்கும்படி நிற்க வேண்டும், சுக்கான் பிடிப்பவர் கையை உயர்த்தினால் கேள்வி கேட்காமல் மதகை மூட வேண்டும் என்று ஒரே ஒரு சைகையை வைத்துக்கொள்ளுங்கள். சத்தம் போட்டால் நீரின் இரைச்சலில் கேட்காது.

மேலே ஏறும்போது: காலி லாக்கில் நுழைந்து கீழ்க்கதவுகளை மூடியபின், மேல்முனையில் இரண்டு வகை மதகுகள் இருக்கலாம். தரைக்கடியில் சுரங்க வழியாக நீர் விடுவது ஒன்று, கதவிலேயே இருப்பது இன்னொன்று. முதலில் தரைமதகை மட்டும், அதுவும் பாதி. படகு முதலில் பின்னே தள்ளப்படும், பிறகு முன்னே இழுக்கப்படும். எஞ்சினால் சமாளித்து நிறுத்துங்கள். கதவுமதகு நீருக்குள் மூழ்கிய பிறகுதான் அதைத் திறக்கலாம். அவசரப்பட்டால் கதவிலிருந்து நீர் பீறிட்டு அணியத்தின் பள்ளத்தில் நேராகக் கொட்டும், அங்கிருந்து கதவிடுக்கு வழியாக உள்ளே புகும். இன்னொன்று, அணியத்தின் கயிற்று மெத்தை கதவின் குறுக்குச் சட்டத்துக்கு அடியில் மாட்டிக்கொள்ளும். பின்பக்கம் மட்டும் உயர்ந்து முன்பக்கம் உயராமல் நின்றால் அதுதான் காரணம். உடனே மேல்மதகை மூடுங்கள்.

குறுகிய லாக்குக்கும் படகுக்கும் இடைவெளி இருபுறமும் சேர்த்து இரண்டு அங்குலம். பக்கத்தில் தொங்கவிட்ட ரப்பர் மெத்தைகளை உள்ளே நுழையும் முன் தூக்கிவிடுங்கள். தூக்காமல் விட்டு லாக்கில் ஆப்பு போல இறுகிய படகுகள் நிறைய. அகல லாக்கில் இறங்கும்போது கயிற்றைக் கம்பத்தில் முடிச்சிடாமல் ஒரு சுற்று மட்டும் போட்டுக் கையில் பிடித்து விட்டுக்கொண்டே வாருங்கள். முடிச்சிட்டால் படகு கயிற்றில் தொங்கும்.

வெளியேறியதும் கதவுகளையும் மதகுகளையும் மூடிவிட்டுப் போங்கள். பாதி திறந்து விட்ட ஒரு மதகு இரவோடு இரவாக மேலே உள்ள நீர்நிலையை வடித்துவிடும். காலையில் வருகிறவர் சேற்றைத்தான் பார்ப்பார். எதிரே படகு வருகிறதா என்று பார்த்து, லாக் அவர்களுக்குச் சாதகமாக (அவர்கள் பக்கத்து நீர்மட்டத்தில்) இருந்தால் காத்திருங்கள். அவர்களுக்குத் தயாராக நிற்கும் லாக்கை நீங்கள் முந்திக்கொண்டு திருப்புவது ஒரு லட்சம் லிட்டரை வீணடிப்பது.

அடுத்தடுத்து ஒட்டிய அடுக்கு லாக்குகளில் ஒன்றின் மேல்கதவே அடுத்ததின் கீழ்க்கதவு. ஏறுவதானால் அடியில் உள்ளது காலியாகவும் மற்றவை நிரம்பியும் இருக்க வேண்டும். இறங்குவதானால் உச்சியில் உள்ளது நிரம்பி, மற்றவை காலி. இதைச் சரிபார்க்காமல் தொடங்கினால் நடுவில் நீர் போதாமல் நிற்பீர்கள் அல்லது நீர் வழிந்தோடும். ஃபாக்ஸ்டனில் ஐந்தைந்தாக பத்து லாக். மதகுகளுக்குச் சிவப்பு, வெள்ளை வண்ணம் அடித்திருப்பார்கள். சிவப்பு முதலில், வெள்ளை பிறகு. மாற்றினால் லாக்கின் நீரைச் சேமிக்கும் பக்கக் குளம் நிரம்பி வழியும். 1774-ல் திறந்த பிங்லி ஐந்தடுக்கில் படகு 18 மீட்டர் ஏறுகிறது. இந்த இரண்டு இடத்திலும் லாக் காப்பாளர்கள் உண்டு. அவர்களிடம் சொல்லாமல் எதையும் தொடாதீர்கள். அவர்கள் சொல்லிக்கொடுப்பதைக் கேட்க ஆவலாக இருங்கள், எந்தப் பயிற்சி வகுப்பைவிடவும் மதிப்பு அதிகம்.

தினமும் செய்ய வேண்டியவை

காலையில் எஞ்சின் எண்ணெய், குளிர்நீர் மட்டம், பெல்ட் இறுக்கம். எஞ்சின் அறைத் தரையில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மாலையில் படகை நிறுத்தியதும் ஸ்டெர்ன் கிளாண்டின் கிரீஸ் குடுவைத் திருகியை எதிர்ப்பு தெரியும்வரை ஒன்றிரண்டு சுற்று திருகுங்கள். புரொப்பெல்லர் தண்டு படகை விட்டு வெளியே போகும் இடம் அது. கிரீஸ் இல்லாவிட்டால் இரவெல்லாம் சொட்டும். படகின் அடியில் சேரும் நீரை இறைக்கும் பில்ஜ் பம்ப் இருக்கிறதே என்று விட்டுவிட்டால், ஒரு நாள் பாட்டரி இறங்கும், பம்ப் நிற்கும்.

எஞ்சின் வேகமாக ஓடியும் படகு நகராமல், பின்னால் நீர் கலங்கி வந்தால் புரொப்பெல்லரில் ஏதோ சுற்றியிருக்கிறது: பிளாஸ்டிக் பை, கயிறு, நகரங்களுக்குள் சேலையோ போர்வையோகூட. முதலில் ரிவர்ஸில் ஒருமுறை முறுக்கிப் பாருங்கள், சிலது அதிலேயே கழன்றுவிடும். கழலாவிட்டால் கரையில் கட்டி, எஞ்சினை நிறுத்தி, சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அமரத்தில் புரொப்பெல்லருக்கு மேலே உள்ள வீட் ஹேட்ச் என்ற திறப்பின் மூடியைத் திறந்து கையை விட்டு வெட்டி எடுக்க வேண்டும். பல் வைத்த ரொட்டிக் கத்தியும் கம்பி வெட்டியும் தேவைப்படும். கையில் வெட்டுக்காயம் இருந்தால் நீளமான கையுறை போடுங்கள். எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் கால்வாய் நீரில் இருக்கக்கூடும். வேலை முடிந்ததும் மூடியின் ரப்பர் ஓரம் சரியாக உட்கார்ந்து, திருகு முழுவதும் இறுகியிருக்கிறதா என்று இருவர் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் புறப்பட்ட மறுநிமிடமே புரொப்பெல்லர் நீரை எஞ்சின் அறைக்குள் அடிக்கும். கரையில் நின்றபோது ஒன்றும் தெரியாமல், ஓடத் தொடங்கியதும் படகு மூழ்குவது இப்படித்தான்.

டீசல் மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் பிடிக்கும். தண்ணீர்த் தொட்டி 400, 500 லிட்டர் என்றால் சிக்கனமாக இருந்தால் நான்கு பேருக்கு மூன்று நாள். குழாய் இருக்கும் இடத்தில் நிரப்ப ஒரு மணி நேரம்கூட ஆகும், அதையும் நாளின் கணக்கில் சேருங்கள். கழிப்பறையில் கேசட் (கழற்றி எடுக்கும் பெட்டி), பம்ப்-அவுட் (இயந்திரத்தால் உறிஞ்சி எடுக்கும் தொட்டி) என்று இரண்டு கட்சி. கேசட்டையே நான் பரிந்துரைப்பேன். 20 லிட்டர்ப் பெட்டி நான்கு பேருக்கு ஒன்றரை, இரண்டு நாள் தாங்கும். மூன்று பெட்டி வைத்துக்கொண்டு, டிரஸ்ட்டின் சாவியால் திறக்கும் கழிவிடங்களில் நீங்களே ஊற்றிக் கழுவிவிடலாம். பம்ப்-அவுட் தொட்டி நிரம்பி, அடுத்த இயந்திரம் பழுதாகிக் கிடந்தால் வழியில்லை.

மின்சாரம் 12 வோல்ட். குளிர்பெட்டி, விளக்கு, தண்ணீர் பம்ப், செல்பேசி எல்லாம் சேர்த்து நாளொன்றுக்குச் சுமார் 100 ஆம்பியர்-மணி போகும். ஈய-அமில பாட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் சுருங்கும் என்பதால் 110 ஆம்பியர்-மணி பாட்டரி மூன்று வேண்டும். இரவு 8 மணி முதல் காலை 8 மணி வரை நின்ற இடத்தில் எஞ்சின் ஓட்டுவது விதிக்கு எதிரானது. மிக்ஸியும் மின்சார ரைஸ் குக்கரும் தக்க இன்வெர்ட்டர் இல்லாமல் ஓடாது. கேஸ் அடுப்பில் குக்கர் வைப்பதே எளிது. கேஸ் உருளைகள் அணியத்தில் அடியில் துளையுள்ள தனிப் பெட்டியில் இருக்க வேண்டும்; கசிந்தால் வாயு காற்றைவிடக் கனமானது, அது வெளியே வடிய அந்தத் துளை மட்டுமே வழி. கார்பன் மோனாக்சைடு அலாரம் 2019 ஏப்ரல் முதல் பாதுகாப்புச் சான்றிதழுக்குக் கட்டாயம். குளிரில் காற்றுத் துளைகளை துணியால் அடைப்பவர்கள் இருக்கிறார்கள். விறகடுப்பு எரியும் படகில் அது குடும்பத்தோடு உயிரை எடுக்கும். ஒருபோதும் அடைக்காதீர்கள்.

முதல் நீண்ட பயணம்

தூரத்தை மைலில் மட்டும் எண்ணாதீர்கள். மைல்களையும் லாக்குகளையும் கூட்டி மூன்றால் வகுத்தால் ஓடும் மணி நேரம் கிடைக்கும். ஃபோர் கவுன்டீஸ் வளையம் (புறப்பட்ட இடத்துக்கே திரும்பும் சுற்றுவழி) 110 மைல், 94 லாக். கூட்டினால் 204, அதாவது 68 மணி நேரம். ஒரு வாரத்தில் முடிக்க நினைத்தால் தினம் பத்து மணி நேர உழைப்பு, அதை விடுமுறை என்று பிள்ளைகள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இரண்டு வாரம் ஒதுக்குங்கள். முதல் பயணத்துக்கு லாங்கோலன் கால்வாய் நல்லது: ஹர்ல்ஸ்டன் முதல் லாங்கோலன் வரை சுமார் 45 மைல், 21 லாக்குகள்தான், 22 மணி நேரம். க்ரின்ட்லி புரூக்கில் மூன்றடுக்கு லாக் ஒன்று வரும், காப்பாளர் துணையோடு கற்றுக்கொள்ள ஏற்றது. இந்தக் கால்வாயில் நீரோட்டம் உண்டு, ஹர்ல்ஸ்டன் நீர்த்தேக்கத்துக்குக் குடிநீர் கொண்டுபோவதால். போகும்போது எதிர்நீச்சல், திரும்பும்போது வேகம். பொறியாளர்கள் தாமஸ் டெல்ஃபோர்டு, வில்லியம் ஜெஸப் காலத்தில் 1805-ல் திறந்த பான்ட்கசில்டே நீர்ப்பாலம் 38 மீட்டர் உயரத்தில் 307 மீட்டர் நீளும் இரும்புத் தொட்டி. ஒரு பக்கம் கைப்பிடி வேலி உண்டு, மறுபக்கம் எதுவுமே இல்லை. குழந்தைகளை உள்ளே உட்காரவையுங்கள், அல்லது கையைப் பிடித்து நடைபாதையில் கூட்டிச்செல்லுங்கள். லாங்கோலனை நெருங்கும்போது ஒரு படகு மட்டுமே போகும் குறுகல் வரும். ஒருவர் முன்னே நடந்துபோய் எதிரே யாரும் இல்லை என்று சொன்ன பிறகே படகை விடுங்கள்.

எந்த வழியானாலும் புறப்படும் வாரம் டிரஸ்ட்டின் அடைப்பு அறிவிப்புகளைப் படியுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை லாக்குப் பழுதுபார்ப்புக்காகப் பல இடங்களை மூடுவார்கள். 2025 கோடை வறட்சியில் லீட்ஸ்–லிவர்பூல் கால்வாயின் பெரும்பகுதி மூடப்பட்டது. அதே ஆண்டு ஜனவரி 1-ம் தேதி டன்ஹம் மாசி அருகே பிரிட்ஜ்வாட்டர் கால்வாயின் கரை உடைந்து, செஷயர் வளையமே அறுந்துபோனது. படகு அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம் என்றாகிவிடக் கூடாது.

சுரங்கங்களில் விளக்கை முன்னோக்கிச் சற்றே வலப்பக்கம் மேலே திருப்பி வையுங்கள், எதிரே வருபவர் கண் கூசாது. 2.8 கிலோமீட்டர் நீளமுள்ள பிளிஸ்வொர்த்தில் இரண்டு நேரோபோட்கள் கடந்துபோகலாம், ஹேர்காசில் ஒருவழி, 5 கிலோமீட்டர் ஸ்டாண்டெட்ஜுக்கு முன்பதிவு வேண்டும்.

ஆறுகளுக்கு முதல் ஆண்டிலேயே போக வேண்டாம். தேம்ஸ், ட்ரென்ட், செவர்ன் ஆகியவற்றில் மழைக்குப் பின் நீரோட்டம் நேரோபோட்டின் எஞ்சினை மிஞ்சும், தவறினால் தடுப்பணையில் போய் விழும். தேம்ஸில் லாக்குகளில் மஞ்சள் பலகை என்றால் எச்சரிக்கை, சிவப்புப் பலகை என்றால் கட்டிய இடத்திலேயே இருங்கள்; அதைமீறி விபத்தானால் காப்பீடும் கைவிடக்கூடும். தேம்ஸுக்குத் தனிப் பதிவும் தேவை. போகும்போது எல்லோருக்கும் உயிர்காப்பு உடை, சங்கிலியோடு பூட்டித் தயாராக வைத்த நங்கூரம். நங்கூரத்தின் மறுமுனை படகில் கட்டியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். ஆற்றில் கட்டும்போது அணியம் நீரோட்டத்துக்கு எதிராக இருக்கட்டும், கயிற்றில் நீர்மட்டம் ஏறி இறங்கத் தளர்வு விடுங்கள்.

நவம்பரில் படகை மூடும்போது தண்ணீர்க் குழாய்களை முழுவதும் வடித்து, எல்லாக் குழாய்களையும் திறந்தே விடுங்கள், ஷவர் தலையைக் கழற்றித் தொட்டியில் போடுங்கள். எஞ்சின் குளிர்நீரில் உறைதடுப்புக் கலவை போதிய அளவு இருக்கட்டும். டீசல் தொட்டியை நிரப்பி வையுங்கள். காலி இடம் இருந்தால் ஈரம் படிந்து தண்ணீராகி, அதில் கிருமி வளர்ந்து வடிகட்டியை அடைக்கும், மார்ச்சில் முதல் லாக்குக்கு நடுவில் எஞ்சின் நிற்கும்.